கடைக்கு நடுவில் ஒரு பலகை

என்னை யாரென்றே தெரியாது என்று என் கணவர் சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். வரி அறவிடுகிற இறைவரித் திணைக்களத்திலிருந்து வந்த ஒரு பெண்பிள்ளையிடம் அப்படிச் சொன்னார். அப்போது நான் அவருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். நடுவில் ஒரு பலகை மட்டும் இருந்தது.

அந்தப் பலகை எப்படி வந்தது என்று சொன்னால்தான் நடந்த அநியாயம் உங்களுக்கு விளங்கும்.

எங்கள் கடை கம்பளையில், நாவலப்பிட்டி பஸ் போகிற ரோட்டில் இருக்கிறது. பெயர்ப்பலகையில் ராஜலிங்கம் ஸ்டோர்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. அரிசிக்கடை என்றால் சின்னப் பிள்ளையும் கைகாட்டும். தேயிலைத் தோட்டங்களிலிருந்து சம்பளத்துக்கு மறுநாள் இறங்குகிறவர்கள் முதலில் எங்கள் வாசலில்தான் உரப்பையை விரிப்பார்கள். அரிசி, கோதுமை மா, கிழங்கு, வெங்காயம், அப்புறம் சவர்க்காரம், பால்மா, டின்மீன், பிஸ்கட். தேயிலைத்தூளைத் தவிர மற்றதெல்லாம் எங்களிடம் வாங்குவார்கள்.

நவம்பர் வெள்ளத்தில் மகாவலி ஆறு கடைக்குள் வந்து போனது. அரிசி மூட்டைகள் ஊறி நாறிப்போயின. சேற்றை அள்ளிக் கொட்டிவிட்டு இவர் படியில் உட்கார்ந்து, "இனி நம்மால ஏலாது பாலா" என்று அழுதார். நான் கை வளையல்களைக் கழற்றி அடகுக்கடைக்குக் கொண்டுபோனேன். அந்தக் காசில்தான் மறுபடி சரக்குப் போட்டோம். இதைச் சொல்லிக் காட்டக்கூடாது என்றுதான் ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். ஆனாலும் வாய் சும்மா இருக்கிறதா?

கடை ஒருமாதிரி எழும்பி ஓடத் தொடங்கிய நேரத்தில் தெல்தெனியாவில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. என் தம்பி சுரேஸ் பந்தியில் இவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் கண்டியில் ஒரு பெரிய புடவைக்கடையில் காசாளராக இருக்கிறான். காசைத் தொடுகிறவனுக்குச் சட்டமும் தெரியும் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை. அது அவனுக்கும் இருக்கிறது.

"மச்சான், ஒங்களுக்கு விசயம் தெரியுமா?" என்று தொடங்கினான். "வற், அதான் பெறுமதி சேர் வரி, அதுக்குப் பதியிற எல்லைய கொறச்சிட்டாங்க. அறுபது மில்லியனா இருந்துச்சு. இப்ப முப்பத்தாறு. வருசத்துக்கு அதுக்கு மேல வியாபாரம் நடந்தா கட்டாயம் பதியணும். பதினெட்டு வீதம் போட்டுத்தான் விக்கணும்."

"முப்பத்தாறு மில்லியன் லாபம் எங்கடா இருக்கு?" என்று இவர் சிரித்தார்.

"லாபம் இல்ல மச்சான். லாச்சிக்குள்ள விழுற மொத்தக் காசு."

இவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். அரிசி வியாபாரம் அப்படித்தான். மூட்டை மூட்டையாகப் போகும், கல்லாவின் லாச்சி நிறையும், மிஞ்சுவது கிலோவுக்குச் சில்லறைதான். வருகிற காசெல்லாம் அடுத்த லொறிக்காரனுக்குப் போய்விடும். ஆனால் விழுகிற மொத்தத்தைப் பார்த்தால் நாங்களும் பெரிய முதலாளிமார்தான். இவர் மனதுக்குள் கூட்டிப் பார்த்ததை நான் எதிர்ப் பந்தியிலிருந்து பார்த்தேன். உதடு அசைந்தது, நெற்றியில் வேர்த்தது. பாயாசத்தைத் தொடாமல் எழுந்து போனார். பாயாசம் என்றால் இரண்டு தரம் கேட்டு வாங்குகிற மனிதர்.

பஸ்ஸில் வரும்போது சொன்னார். "பாலா, அரிசிக்குப் பதினெட்டு வீதம் கூட்டுனா யாரு நம்மகிட்ட வருவாங்க? அந்தா, அங்க ஏசி போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான் பாரு, அவன்கிட்டதான் போவாங்க."

அவர் சொன்னது எங்கள் ரோட்டின் முனையில் திறந்திருந்த சூப்பர் மார்க்கட்டை. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. வரி கட்டக்கூடாது என்பதல்ல. ஆஸ்பத்திரி மருந்தும் உடைந்த பாலமும் வேறு எங்கிருந்து வரும்? ஆனால் பால்மாப் பைக்கற்றைக் கையில் எடுத்து, விலையைப் பார்த்து, சத்தமில்லாமல் திருப்பி வைத்துவிட்டுப் போகிற அம்மாமாரை நான் தினமும் பார்க்கிறேன். அவர்களிடம் போய் அரிசிக்கும் கூட்டிவிட்டோம் என்று எந்த முகத்தோடு சொல்வது?

இதற்கு வழி சொன்னவனும் சுரேஸ்தான். "கடைய ரெண்டாக்கிருங்க மச்சான். பாதி ஒங்க பேர்ல, பாதி அக்கா பேர்ல. ரெண்டு கடையும் எல்லைக்குக் கீழ வந்துரும். எல்லாரும் இப்ப இதத்தான் செய்றாங்க."

எல்லாரும் என்றால் யார் என்று நான் கேட்டேன். ஆனால் இவர் அடுத்த நாளே அஸீம் பாஸைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அஸீம் பாஸ் நல்ல தச்சர்; தச்சரை இங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். கடையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கிற கடைய ஏன் மறைக்கிறீங்க?" என்று கேட்டார். இவர் ஏதோ மழுப்பினார். பாஸ் மேற்கொண்டு கேட்கவில்லை. வாசலிலிருந்து பின்சுவர்வரை ஒட்டுப்பலகை அடித்தார். முடிக்கும்போது அவருக்கே மனம் கேட்கவில்லை போலிருக்கிறது. "ஒரு சின்னக் கதவு வெச்சுத் தாரேன் தங்கச்சி. தேத்தண்ணி குடுக்க வாங்க லேசு" என்று சொல்லி, நெஞ்சு உயரத்தில் ஒரு சதுரத்தை வெட்டிக் கீல் போட்டுக் கொடுத்தார். அதற்குக் கூலியும் வாங்கவில்லை.

சாமானைப் பிரித்தவர் என் கணவர். "பாரமான சாமான் எனக்கு, லேசான சாமான் ஒனக்கு" என்றார். அரிசி, மா, கிழங்கு, மரக்கறி, பேக்கரிப் பாண் எல்லாம் அவர் பக்கம். சவர்க்காரம், பால்மா, டின்மீன், பிஸ்கட், ஷாம்பு எல்லாம் என் பக்கம். எனக்கு முதுகு வலிக்கும் என்று நினைத்துத்தான் அப்படிச் செய்தார். அந்த நல்ல மனசுக்கு நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன்.

பிரதேச செயலகத்துக்குப் போய் வியாபாரத்தை என் பெயரில் பதிந்து, என் பக்கத்து வாசலுக்கு மேலே ஒரு போர்டும் மாட்டினோம். பாலாம்பிகை ஸ்டோர்ஸ். மாட்டுகிற அன்று, "இந்தக் கூத்து எதுக்கு?" என்று இவரைப் பிடித்து ஏசினேன். எல்லாரும் போன பிறகு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு என் பெயரை அச்சில் பார்த்தது அன்றைக்குத்தான். சந்தோசமாக இருந்தது. ஏன் மறைக்க வேண்டும்?

சந்தோசம் அதோடு சரி.

சுரேஸ் கண்டிசன் போட்டிருந்தான், இரண்டும் உண்மையாகவே இரண்டு கடை மாதிரி இருக்க வேண்டுமாம். அதனால் இவருக்குச் சவர்க்காரம் வேண்டுமென்றால் வெளியே இறங்கி, என் படியேறி, காசு கொடுத்து வாங்க வேண்டும். நான் பில்லும் கிழித்துக் கொடுப்பேன். ஒருநாள் விலையில் கழிவு கேட்டார். "மொத்தமா எடுக்கிறவங்களுக்குத்தான்" என்று சொல்லி அனுப்பினேன். கடைக்கு வெளியே நாங்கள் ஒருவரோடொருவர் கதைக்கக்கூடாது என்று இவரே ஒரு சட்டம் போட்டார். யாராவது பார்த்துவிடுவார்களாம். ஊருக்கே தெரிந்த புருசன் பெண்சாதியை யார் புதிதாகப் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டால், "ஒனக்கு ஒன்னும் வெளங்காது" என்பார்.

கஷ்டப்பட்டது வாங்க வருகிறவர்கள். மேல் தோட்டத்து இரத்தினம்மாவுக்கு முழங்கால் வலி. அரிசி வாங்க ஒரு படி ஏறி, இறங்கி, மழையில் நனைந்து, சவர்க்காரம் வாங்க இன்னொரு படி ஏறினார். மூச்சு வாங்கக் கதிரையில் உட்கார்ந்து, "ஏம்மா பாலா, ஐயாவும் நீயும் சண்டையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லம்மா, வரி."

"வரியா? வரிக்கெல்லாமா பொண்டாட்டிய விட்டுப் பிரிவாங்க?"

சிரித்தேன். ஆனால் அடுத்த மாதம் இரத்தினம்மா வரவில்லை. அந்தத் தோட்டத்து ஆட்கள் சிலர் உரப்பையோடு எங்கள் வாசலைத் தாண்டி, முனையிலிருக்கிற சூப்பர் மார்க்கட்டுக்குப் போவதைப் பார்த்தேன். அங்கே படியும் இல்லை, பலகையும் இல்லை. ஒரே கூரைக்குக் கீழே எல்லாம் கிடைக்கிறது. முன்பு எங்களிடமும் அப்படித்தான் கிடைத்தது.

இவருக்குப் பிரஷர் ஏறியது. டொக்டர் காலையில் போட ஒரு குளிசை எழுதிக் கொடுத்தார். கையில் ஃபைலோடு யார் ரோட்டில் நடந்தாலும் இவர் மூட்டைக்குப் பின்னால் குனிந்துவிடுவார். ஒருநாள் ஃபைலோடு வந்தவர் காப்புறுதிக்காரர். இன்னொருநாள் வந்தது பாடசாலைப் பழைய மாணவர் சங்கம். இரண்டு பேருக்கும் பயத்திலேயே காசு கொடுத்தார்.

கடைசியில் இவர் எடுத்த முடிவுதான் என் நெஞ்சில் கல்லைப் போட்டது. கண்டியிலிருந்து ஒரு ஆள் வந்து போய்க்கொண்டிருந்தான். கழுத்துப்பட்டியும் பளபளக்கிற சப்பாத்துமாக இருப்பான். ஏதோ ஒரு கம்பனிக்கு இந்த இடம் வேண்டுமாம், பத்து வருசக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்தால் மாதாமாதம் வாடகை வீட்டுக்கே வருமாம்.

"குடுத்துருவோம் பாலா" என்றார் இவர், ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது. "வரிக்குப் பயந்து பயந்து என்னால ஏலாது. செவ்வாய்க்கிழம பின்னேரம் வந்து சைன் வாங்கிக்கிறேன்னு சொல்லிருக்கான்."

"கடைய குடுத்துட்டு நான் என்னங்க செய்றது?"

"வீட்ல நிம்மதியா இரு."

எனக்கு அந்த நிம்மதி வேண்டாம். கல்யாணமாகி வந்த வாரமே அந்தக் கல்லாவுக்குப் பின்னால் நின்றவள் நான். யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, யார் வீட்டில் பொடியன் கொழும்புக்குப் போனான், யாருக்கு இந்த மாதம் கை இறுக்கம் என்று உரப்பையைப் பார்த்தே சொல்லுவேன். வளையலை அடகு வைத்தது வீட்டில் குந்துவதற்கா? இதையெல்லாம் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். இரண்டு நாளும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

காலையில் மழை விட்டிருந்தது. நான் ஷாம்புப் பைக்கற் மாலையைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன். அடுப்பில் தேத்தண்ணி கொதித்தது. பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்பிள்ளையின் குரல் கேட்டது.

"வணக்கம் ஐயா. நான் லோஜினி, இறைவரித் திணைக்களத்திலயிருந்து வாறன். இந்த ரோட்டுக் கடைகளுக்குப் புது வரி எல்லையப் பற்றி விளங்கப்படுத்த வந்தனாங்கள். பயப்பிட ஒண்டுமில்லை."

யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அந்தக் கடைசிச் சொல்லை இவர் காதில் வாங்கியிருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். மூட்டை சரிகிற சத்தம் கேட்டது.

"உங்கட கடை மட்டும்தானே இது? பக்கத்துக் கடையும் உங்கடயோ?"

"இல்லீங்க, இல்லீங்க" என்றார் இவர். "அது வேற கடைங்க. வேற ஆளு."

"ஓ. அந்தக் கடைக்காரர் ஆர்?"

தராசுத் தட்டு இடிபடுகிற சத்தம் கேட்டது. பிறகு என் கணவர் சொன்னார்: "யாரோ ஒரு அம்மாங்க. எனக்கு அவ்வளவா பழக்கமில்ல."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? மூன்று பிள்ளைகளைப் பெற்றுக் கொடுத்தேன். அவர் அம்மாவைக் கடைசிவரை நான்தான் கழுவித் துடைத்தேன். அவ்வளவா பழக்கமில்லையாம்! கண்ணில் தண்ணீர் வந்தது, பின்னாலேயே கோபமும் வந்தது. வழக்கமாகக் கோபம் எனக்கு மெதுவாகத்தான் வரும். அன்று ஓடி வந்தது.

கிளாசில் தேத்தண்ணியை ஊற்றினேன். சட்டைப்பையில் வைக்கச் சொன்னாலும் மறந்துவிடுவார் என்று குளிசை அட்டை எப்போதும் என்னிடம்தான் இருக்கும். ஒன்றைப் பிதுக்கி எடுத்தேன். அஸீம் பாஸ் வெட்டிய கதவைத் தள்ளித் திறந்து, இரண்டையும் அந்தப் பக்கம் நீட்டினேன்.

"என்னங்க, பிரஷர் குளிச போடாமலே வந்துட்டீங்க. மொதல்ல போடுங்க. சீனி போடல்ல."

நீட்டிய கை நீட்டியபடி நின்றது. அப்போதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கே உறைத்தது. கோபத்தில் கடைக்கே நெருப்பு வைத்துவிட்டேனே! தண்டம் போடுவார்களோ, கடையைச் சீல் வைப்பார்களோ என்றெல்லாம் தோன்றியது.

பிறகு அந்தப் பிள்ளை சிரித்தது கேட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு.

"ஐயா, பழக்கமில்லாத ஆக்கள் இப்பிடிக் குளிசை தாறது நான் ஒரு இடத்திலயும் காணேல்லை."

நான் படியிறங்கி அடுத்த பக்கம் போனேன். லோஜினி எங்கள் கடைசி மகளின் வயது இருப்பாள். கையில் சில துண்டுப்பிரசுரங்கள், தோளில் ஈரக் குடை. இவர் அரிசி மூட்டையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவே மாட்டேன் என்கிறார்.

"அவர்மேல ஒன்னும் பிழை இல்ல பிள்ள" என்றேன். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "நாங்க புருசன் பொண்டாட்டிதான். வரிக்குப் பயந்து மறிச்சுட்டோம். இனி என்ன செய்யணுமோ செய்ங்க."

"இருங்கோம்மா. ஆர் மறிக்கச் சொன்னது?"

"என் தம்பி."

"அவர் வரி படிச்சவரோ?"

"புடவைக்கடையில காசாளரு."

லோஜினி கதிரையில் உட்கார்ந்து குடையைக் காலுக்குக் கீழே வைத்தாள். "முதல்ல ஒண்டு சொல்லுறன். இப்பிடிப் பலகை அடிச்சுப் பிரிக்கிறது எங்களுக்கு முன்னால நிக்காது. ஒரு வீட்டு ஆக்கள் ஒரு வியாபாரத்தைப் பிரிச்சு வைச்சா, ரெண்டையும் சேர்த்துத்தான் பார்ப்பம். அதால இந்தப் பலகையால உங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை."

இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அடுத்தது, நீங்கள் என்னென்ன விக்கிறியள்? உங்கட பக்கம் சொல்லுங்கோ ஐயா."

"அரிசி" என்றார் இவர், உயிரில்லாமல். "மா. பாண். கிழங்கு, வெங்காயம், மரக்கறி."

"வேற?"

"வேற ஒன்னும் இல்லீங்க."

"அம்மா, உங்கட பக்கம்?"

சொன்னேன். சவர்க்காரத்தில் தொடங்கி ஷாம்பு வரை.

லோஜினி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் மறுபடி அந்தச் சிரிப்பு வரப்பார்த்தது. "ஐயா, நீங்கள் விக்கிற சாமானுக்கு வற் வரியே இல்லை. அரிசிக்கு இல்லை, மாவுக்கு இல்லை, பாணுக்கு இல்லை, எங்கட நாட்டு மரக்கறிக்கு இல்லை. விலக்களிச்ச சாமான். அந்த விற்பனை எல்லைக் கணக்குக்குள்ளயும் வராது. வரி வாற சாமானை மட்டும்தான் எல்லைக்குப் பார்க்கிறது. அதெல்லாம் அம்மாட்டத்தானே இருக்கு?"

இவர் கண்ணைத் திறந்தார். "அப்ப... அப்ப நான்?"

"உங்களுக்கும் அந்த எல்லைக்கும் சம்பந்தமே இல்லை."

"அப்ப அவ?" என்று என்னைக் காட்டினார்.

"அம்மாட வியாபாரம் முப்பத்தாறு மில்லியனுக்குக் கிட்டவாவது வருமோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஷாம்புப் பைக்கற் வித்தா பிள்ள? அதுல கால்வாசி வந்தாலே வளையல மீட்டுருவேனே."

"அப்ப ரெண்டு கடையையும் சேர்த்தாலும் சரி, பிரிச்சாலும் சரி, நீங்கள் வற்றுக்குப் பதியத் தேவையில்லை. வடிவாக் கேளுங்கோ, வருமான வரி வேற கதை. அதுக்கும் மற்றதுகளுக்கும் ரெண்டுபேரும் கண்டி ஒஃபிசுக்கு ஒருக்கா வாங்கோ. வரி இலக்கம் எடுத்து, என்ன கட்டவேணுமோ பார்த்துச் செய்வம். அதுக்கு இப்பிடி ஒளிக்கத் தேவையில்லை."

"வர்றோங்க. கட்டாயம் வர்றோங்க. குடும்பத்தோட வர்றோம்" என்றார் இவர், யாரோ கல்யாணத்துக்கு அழைத்த மாதிரி.

ஊரே எங்களை அரிசிக்கடை என்று கூப்பிடுகிறது. லாச்சியில் விழுவதில் முக்கால்வாசி அரிசிக் காசு. வரி என்று வந்ததும் அந்த அரிசியை ஒருவரும் யோசிக்கவில்லை. சுரேஸ் யோசிக்கவில்லை, இவரும் யோசிக்கவில்லை, வளையலை அடகு வைத்துச் சரக்குப் போட்ட நானும் யோசிக்கவில்லை. பலகை அடித்துச் சாமானைச் சரியாக இரண்டாகப் பிரித்து வைத்துவிட்டு, அதற்குள்ளேயே விடை இருக்கிறது தெரியாமல் இத்தனை மாதமும் பிரஷர் குளிசை விழுங்கிக்கொண்டிருந்தோம்.

லோஜினி போகும்போது நான் பிஸ்கட் பைக்கற் ஒன்றை நீட்டினேன். வாங்க மாட்டேன் என்றாள். காசு கொடுத்து ஒரு சவர்க்காரம் வாங்கினாள். பில் கிழித்துக் கொடுத்தேன். அவள் குடையை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்கு நடந்தாள்.

இவர் இன்னும் அந்த மூட்டையில்தான் இருந்தார். ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு கிளாசை வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். வெள்ளத்துக்கு அழுத அழுகை வேறு. இது உடம்பிலிருந்து ஏதோ இறங்கிப் போகிற அழுகை. நான் பக்கத்தில் போய் நின்றேன். என் நெஞ்சிலிருந்த கல்லும் எப்போது இறங்கியதென்று தெரியவில்லை. மூச்சு நன்றாக உள்ளே போய் வந்தது. அத்தனை நாளும் பாதி மூச்சுத்தான் விட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"அவ்வளவா பழக்கமில்லையா?" என்று கேட்டேன்.

"பயத்துல வந்துருச்சு பாலா."

"அப்ப பழக்கம் உண்டா?"

என் கையைப் பிடித்துக்கொண்டார். வாசலில் கிழங்கு வாங்க நின்ற ஆள் நாகரிகமாக ரோட்டைப் பார்த்தார்.

மத்தியானமே அஸீம் பாஸுக்குத் தகவல் போனது. வந்தவர் பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நான் அன்டைக்கே கேட்டேனே?" என்றார். ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கடைசிப் பலகை சாய்ந்தபோது என் பக்கத்து வெளிச்சம் அரிசி மூட்டைகளுக்கு மேலே போய் விழுந்தது. எங்கள் கடை இவ்வளவு பெரிதா என்று நானே ஆச்சரியப்பட்டேன். பாஸ் போர்டையும் கழற்ற ஏணியில் ஏறினார். கழற்ற வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன், ஆனால் வாய் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் கண்டி ஆள் வந்தான். பளபளக்கிற சப்பாத்தை ஆணிகளுக்கு நடுவில் பார்த்துப் பார்த்து வைத்து உள்ளே வந்தான். கையில் பத்திரம்.

"முதலாளி, இடத்தையே ரெடி பண்ணிட்டீங்க போல. ரொம்ப நல்லது. சைன் வச்சிரலாமா?"

இவ்வளவு நடந்த பிறகும், குத்தகை வேண்டாம் என்று இவர் இன்னும் வாயைத் திறந்து சொல்லவில்லை. காலையில் அழுத மனிதர், களைத்துப்போன மனிதர். சரி, வரி இல்லாவிட்டாலும் கொடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டால்? நான் கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இவர் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்தார். "அத என்கிட்ட கேட்டு வேல இல்லீங்க."

"ஏன், நீங்கதானே ஓனர்?"

"நான் பாதிதாங்க." என் பக்கம் கையை நீட்டினார். "அந்தா நிக்கிறாங்க பாருங்க, அவங்ககிட்டதான் கேக்கணும். வெள்ளத்துல போன கடைய வளையல கழட்டி எழுப்புனவங்க அவங்க. என் சம்சாரம்."

அஸீம் பாஸ் ஏணியில் நின்றபடியே திரும்பிப் பார்த்தார். கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நிமிர்ந்தார்கள். இவர் நாலு பேருக்குக் கேட்கட்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகச் சொன்னார் என்று எனக்கு விளங்கியது.

"கடைய குடுக்கிறதா இல்லீங்க" என்றேன். குரல் கொஞ்சம் உடைந்தது. அதனால் இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னேன்.

அவன் பத்திரத்தை மடித்துக்கொண்டு போனான். இவர் ஏணியடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தார்.

"பாஸ், அந்த போர்ட கழட்டாதீங்க. என்னோடத கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி, ரெண்டையும் ஒட்டி மாட்டுங்க."

நான் உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தேன். மூன்று பேருக்கும் தேத்தண்ணி போட்டு, அவருடையதைக் கொண்டுபோய் அவர் கையிலேயே கொடுத்தேன். அன்றைக்கு ஒரு கரண்டி சீனியும் போட்டிருந்தேன்.